பூட் டிரைவைப் பூட்டி வை

இன்னும் பிறக்காத என் மகனே,

நீ பிறப்பதற்கு முன்னாலேயே உன் மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பதினெட்டு வயது இன்னும் முடியவில்லை. கல்யாணம் என்று வாயைத் திறந்தாலே அம்மா துடைப்பத்தை எடுப்பாள். உன் அம்மா யாரென்று எனக்கே தெரியாது. ஆனாலும் நீ வருவாய், வளர்வாய், மீசை முளைத்த திமிரில் எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஏதோ ஒரு பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவாய் என்பது மட்டும் நிச்சயம். நம் ரத்தம் அப்படி. என் அப்பா எஞ்சினைப் பிரிப்பவர், நான் கம்ப்யூட்டரைப் பிரிப்பவன், நீ எதைப் பிரிக்கப் போகிறாயோ. அதனால் திட்டை முன்பணமாகக் கட்டி வைக்கிறேன், வளர்ந்த பிறகு வட்டியோடு வாங்கிக்கொள். இதை என் வலைப்பூவில் போடுகிறேன். ஊரே படிக்கலாம், எங்கள் வீட்டில் மட்டும் யாரும் படிக்க மாட்டார்கள். அம்மாவுக்கு மௌஸை இரண்டு தட்டு தட்டத் தெரியும், அவ்வளவுதான். அப்பாவுக்கு வலை என்றால் மீன் வலை. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல எனக்கு ஊர்தான் மிச்சம்.

திங்கட்கிழமை நான் திருச்சிக்குப் போகிறேன், காலேஜ், ஹாஸ்டல். காரைக்காலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சுனாமி அலைக்குப் பிறகு கட்டிக்கொடுத்த இந்த வரிசை வீடுகளில் இருக்கிற எங்கள் வீட்டை விட்டு நான் வெளியே தங்கப் போவது இதுதான் முதல் தடவை. நேற்று அம்மா என் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை நிறுத்திவிட்டு, தேங்காய் எண்ணெய் பாட்டில் எங்கே என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "டேய், போறதுக்கு முன்னாடி அந்த மீதிய எடுத்துக் குடுத்துட்டுப் போயிடு. வெளையாடுனது போதும்." எனக்கு உச்சியில் ஏறியது. வாசலில் நின்ற அப்பா எதுவும் கேட்காதவர் மாதிரி சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தார். அதில் காற்று நன்றாகவே இருந்தது. காற்று இல்லாமல் போனது எனக்குத்தான். அம்மா எட்டு மாதமாகக் கேட்கிற அந்த மீதி என்ன, அது ஏன் என்னிடம் இல்லை, அதை நான் அவளிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கடிதம். நடுவில் பூட் டிரைவ் பற்றியும் வரும். சலித்துக்கொள்ளாதே. எல்லாம் அதனால்தான் வந்தது.

உனக்கு ஒரு சித்தப்பா இருந்திருப்பான். பெயர் மதன். அலை வந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதிமூன்று. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன். அன்றைக்கு அவனும் போனான், வீடும் போனது, வீட்டோடு ஆல்பமும் போனது. அவன் முகம் இருக்கிற ஒரு காகிதம் கூட எங்களிடம் மிஞ்சவில்லை. ஒரு வருஷம் கழித்து பிரான்சில் இருக்கிற அம்மாவின் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு சிடி கொண்டுவந்தார். அலைக்குச் சில மாதங்களுக்கு முன்னால் அம்பகரத்தூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அங்கே மாமா தன் வீடியோ கேமராவை எடுத்துக்கொண்டு பந்தலைச் சுற்றியிருக்கிறார். இரண்டு நிமிடம் பதினோரு நொடி. மதன் கையில் திருட்டுக் கேசரியை வைத்துக்கொண்டு ஓடி வருவான், கேமராவைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான், அப்புறம் பெரிய மனிதன் மாதிரி, "மாமா, என்னைய எடுக்காத, ஃபிலிமு தீந்துடும்" என்பான். "இதுல ஃபிலிமே கெடயாதுடா" என்பார் மாமா. மதன் ஒரு விநாடி யோசிப்பான். "அப்பன்னா இன்னுங் கொஞ்சம் எடு" என்று சொல்லிவிட்டு, ஒளித்த கேசரியை எடுத்து கேமராவுக்கு எதிரிலேயே தின்பான். அதற்கப்புறம் அவன் ஆடுகிற ஆட்டம் தனி. மாமா அந்த டேப்பின் மேலேயே ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டார், அதனால் உலகத்தில் இருந்தது அந்த ஒரு சிடிதான். அம்மா தினமும் காலை வேலை முடிந்ததும் அதைப் பார்ப்பாள். அழ மாட்டாள். கேசரி இடத்தில் சிரிப்பாள், முடிந்ததும் உலை வைக்கப் போவாள்.

சிடி தேயுமே என்று நான் அதைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அந்தக் கம்ப்யூட்டரோ வைரஸுக்கு வாடகை இல்லாத வீடு. தெருவில் இருக்கிற அத்தனை பயல்களும் பாட்டு ஏற்ற பென் டிரைவோடு வருவார்கள். மாதம் ஒரு தடவை அழித்துப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பஷீர் அண்ணன்தான் வழி சொன்னார்: "உன் கைக்கு எட்டுற எடத்துல வச்சா நீ நோண்டி நோண்டியே அழிச்சுடுவடா. தனியா ஒரு பொட்டி போடு. அதுல மானிட்டரும் வேணாம், கீபோர்டும் வேணாம். படம், வீடியோ எல்லாம் அதுல கெடக்கட்டும். கூடத்துலேர்ந்து வயர் வழியாப் பாத்துக்கங்க." மூடப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய பெட்டி ஒன்றை அவரே வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு சர்வர். அம்மா அதை மேலும் கீழும் பார்த்து, "சர்வர்னா ஓட்டல்ல இட்லி கொண்டாந்து வைக்கிறவருல்ல?" என்றாள். "இவரு மதனக் கொண்டாந்து வைப்பாரும்மா" என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பெட்டி மேல் ஈரத்துணி கூடப் போட்டதில்லை. கூடத்துக் கம்ப்யூட்டரில் மதன் முகத்தையே ஐகானாக வைத்துக் கொடுத்தேன். இரண்டு தட்டு தட்டினால் கேசரியோடு ஓடி வருவான்.

இப்போது கவனமாகக் கேள், இங்கேதான் உன் அப்பன் முதல் முட்டாள்தனத்தைச் செய்தான். சர்வருக்கு இரண்டு தனித்தனி டிரைவ் வேண்டும். ஒன்று, பெட்டியைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற பூட் டிரைவ். இன்னொன்று, நம் பொருளை வைத்துக்கொள்கிற டிரைவ். எழுப்புகிறவன் போனால் வேறொருவனை வைத்து எழுப்பலாம். வைத்துக்கொள்கிறவன் போனால் போனதுதான். அதனால் இருவரையும் ஒரே பாயில் படுக்க வைக்கக் கூடாது என்று பஷீர் அண்ணன் படித்துப் படித்துச் சொன்னார். அது சரியாகத்தான் புரிந்தது. பொருளுக்கு எண்பது ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கியாயிற்று. எழுப்ப எதை வைப்பது என்பதில்தான் தகராறு. பெட்டியோடு வந்த நான்கு ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று உள்ளே முதல் வயரில் மாட்டியபடி சும்மா கிடந்தது. ஓடினால் அரிசி மிஷின் சத்தம். கேமராவில் போடுகிற கெட்டியான மெமரி கார்டை ஒரு சின்ன அட்டையில் சொருகி, ஹார்ட் டிஸ்க் வயரிலேயே பெட்டிக்குள் மாட்டலாம் என்றார் அவர். சத்தம் கிடையாது, சுற்றுகிற பாகம் கிடையாது, வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்த அட்டையைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், பத்து நாள் ஆகும். பத்து நாள் பொறுக்க எனக்கு என்ன தலையெழுத்து? சட்டைப் பையில் பென் டிரைவ் இருந்தது. பெட்டியின் பின்னால் சொருகினேன், எழுந்தது, எனக்கும் கொம்பு முளைத்தது. "கடக்காத்துல அது நாளைக்கே பச்ச புடிக்கும், யாராச்சும் சும்மாதான நீட்டிக்கிட்டு இருக்குன்னு புடுங்கிட்டுப் போவான்" என்றார் பஷீர் அண்ணன். "எங்க வீட்டுல புடுங்குறதுக்கு என்னய விட்டா ஆள் கெடயாதுண்ணே" என்றேன். எனக்கு வாய் இருக்கிற அளவுக்குப் பின்னால் கண் இருந்திருக்கலாம்.

இரண்டாவது முட்டாள்தனம் அந்த சிடி. சர்வரில் ஏறிவிட்டதே, இனிமேல் சிடி எதற்கு என்று அதில் நூல் கட்டி, அம்மா கருவாடு காய வைக்கிற இடத்தில் காக்காய் விரட்டத் தொங்கவிட்டேன். எங்கள் தெருவில் எல்லோரும் பழைய சிடியைத் தொங்கவிடுவார்கள். வெயிலில் பளிச்சென்று சுற்றினால் காக்காய் கிட்டே வராது. மதன் காக்காய் விரட்டுகிறான் என்று எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. ஒரு கோடை, ஒரு மழை. சிடி பின்னால் பூச்சு உரிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இதை யாரும் எனக்குச் செய்யவில்லை. நானே செய்தேன். அடுத்தவன் மேல் கோபப்படும்போது இந்தப் பத்தியை நடுவில் ஒரு தடவை படித்துக்கொள், நானும் அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது முட்டாள்தனத்தை எழுதக் கை கூசுகிறது. போன வருஷம் ஏப்ரல் ஒன்றாம் தேதி. வீட்டில் எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன்: சர்க்கரை டப்பாவில் உப்பு, அப்பா போனில் ஐஸ் வண்டி மணியோசை, பக்கத்து வீட்டு அத்தைக்கு வாசலில் பிளாஸ்டிக் பல்லி. ஆள் தீர்ந்துபோய் கடைசியில் மதன் ஐகானில் கை வைத்தேன். வீடியோவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, தட்டினால் ஒரு காக்காய் படம் வருகிற மாதிரி செய்தேன். அம்மா தட்டினாள், காக்காய் வந்தது. திரும்பத் தட்டினாள், திரும்ப வந்தது. மூன்றாவது தடவை அவள் திரையைக் கையால் தடவிப் பார்த்ததைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். ஓடிப்போய் "ஏப்ரல் ஃபூல்!" என்று கத்தி, வீடியோவை எடுத்துப் போட்டேன். முதுகில் நாலு விழுந்தது. அப்புறம் அவளே சிரித்தாள். "இவன் எதையும் தொலைக்க மாட்டான்டி, ஒளிச்சு வச்சுக்கிட்டுதான் ஆடுவான்" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் பெருமையாகச் சொன்னாள். அந்த வாக்கியம்தான் இன்றைக்கு என் கழுத்தில் கயிறு.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. என் அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். அவருக்குத் தீபாவளியும் பொங்கலும் அப்புறம்தான், ஆயுத பூஜைதான் முதல். எஞ்சின் எண்ணெயில் ஊறிய அவ்வளவு கருவிகளையும் டப்பாவிலிருந்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, இலை போட்டு வரிசையாக அடுக்குவார். ஸ்பேனருக்குத் தனிப் பொட்டு, சுத்தியலுக்குத் தனிப் பொட்டு. பெட்டியோடு வைத்து மொத்தமாகப் பொட்டு வைப்பதெல்லாம் சோம்பேறிகள் வேலை என்பது அவர் கொள்கை. உழைக்கிறது எதுவோ அதுதான் பொட்டு வாங்க வேண்டும், அதைச் சுமக்கிற டப்பா வாங்கக் கூடாது. நான் கீழவாஞ்சூர் பக்கம் கிரிக்கெட் ஆடிவிட்டு சாயங்காலம் வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை. ஒரு ஓரம் ஸ்பேனர் வரிசை, நடுவில் பொரியும் கடலையும், மறு ஓரத்தில் என் சர்வரின் குடல். இரண்டு ஹார்ட் டிஸ்க், மெமரி, ஃபேன், பென் டிரைவ் எல்லாம் கழுவிக் குளித்த பிள்ளைகள் மாதிரி வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. பென் டிரைவுக்கு மூடி தொலைந்து மாசக்கணக்கு ஆகியிருந்தது. எந்த இடத்தைச் சொருக வேண்டுமோ சரியாக அந்த வாயில் ஒரு கட்டைவிரல் சந்தனம்.

"யப்பா! இத யாருப்பா கழட்டுனது?"

"நாந்தான். ஏன், பொட்டி மேல மட்டும் பொட்டு வச்சா உள்ள இருக்குறவனுக்குப் போய்ச் சேருமா? ஓடுறவன் அவன்தான?"

"இது எஞ்சின் இல்லப்பா!"

"எஞ்சின விட இது என்ன பெரிய இதுவா? பதினெட்டு வருஷமா பிரிச்சு மாட்டுறேன், ஒரு நட்டு மிச்சம் வந்ததில்ல. காலையில நானே மாட்டித் தர்றேன். இன்னிக்குத் தொடாத, பூசையில இருக்கு."

அம்மா சுண்டலைக் கிளறிக்கொண்டே, "விடுடா, மதனுக்கும் ஒரு பொட்டு வச்சதா இருக்கட்டும்" என்றாள். நான் ஒரு கை பொரியை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் அவர் சொன்னபடியே மாட்டிவிட்டார். ஒரு நட்டு மிச்சமில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும் போகிற பட்டை வயர்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதல் வயரில் இருந்த சின்ன டிஸ்க் இரண்டாவதற்குப் போனது, இரண்டாவதில் இருந்த எண்பது ஜிபி முதலுக்கு வந்தது. எது எதற்கு என்று நான் ஒரு துண்டுக் காகிதம் கூட ஒட்டி வைத்திருக்கவில்லை. என் பெட்டி எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

பெட்டி எழவில்லை. பென் டிரைவின் வாயைச் சட்டையால் துடைத்தேன், ஊதினேன், ஊசியால் சுரண்டினேன். செத்தேபோனது. எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பா மேல், சந்தனத்தின் மேல், சொன்ன பேச்சுக் கேட்காத என் மேல், பத்து நாளில் வந்திருக்கக்கூடிய அந்தச் சின்ன அட்டையின் மேல். இனிமேல் பென் டிரைவே வேண்டாம், சும்மா கிடக்கிற நான்கு ஜிபி டிஸ்க்கிலேயே பூட் வைக்கிறேன், அரிசி மிஷின் மாதிரி கத்தினால் கத்தட்டும் என்று முடிவு செய்தேன். முடிவில் தப்பில்லை, பஷீர் அண்ணன் கூட அப்புறம் அதை ஒப்புக்கொண்டார். மானிட்டரை இழுத்து மாட்டி, பெட்டியை எழுப்புகிற மென்பொருள் சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்தேன். எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று திரையில் கேட்டது. முதலாவது, இரண்டாவது. சின்னது எப்போதும் முதலாவது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். இதிலிருக்கிற எல்லாம் அழியும், சரியா என்று கேட்டது. எண்டர் கீயை உடைகிற மாதிரி தட்டினேன்.

மகனே, திரையில் டிஸ்க்கின் அளவு எழுதியிருந்தது. பெயருக்குப் பக்கத்திலேயே எண்பது ஜிபி அளவுக்கு ஒரு எண் இருந்தது. படிக்கத் தெரிந்தவன், பத்தாவதில் கணக்கில் தொண்ணூறு வாங்கியவன், படிக்கவில்லை. கோபமாக இருந்தேன். அப்பா வயரை மாற்றினார், உண்மை. ஆனால் எண்டரைத் தட்டியது அவர் விரல் இல்லை. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. அரிசி மிஷின் சத்தம் வரவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. கோப்பு போனது, கோபம் மட்டும் மிச்சம்.

அம்மாவிடம் சொன்னேன். உடனே சொன்னேன், ஒளிக்கவில்லை, அதை மட்டும் என் கணக்கில் வரவு வைத்துக்கொள். "அம்மா, மதன் வீடியோ போயிடுச்சும்மா. அழிஞ்சுபோச்சு." அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இந்தத் தடவ என்ன வச்சிருக்க, காக்காவா, நாயா?"

"இல்லம்மா, சத்தியமா."

"ஏப்ரல்லயும் இப்புடித்தான் மூஞ்ச வச்சிருந்த. போடா, போய் எடுத்து வையி. கைய அலம்பிட்டு வர்றேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை. அதை யாரும் அவ்வளவு சுலபமாகத் தள்ளியதுமில்லை. நான் அழுதேன். அதையும் நடிப்பு என்றாள், நன்றாக இருக்கிறது என்றாள். இரண்டு நாள் சிரித்தாள், மூன்றாம் நாள் திட்டினாள், நான்காம் நாள் சோறு போடாமல் இருந்து பார்த்தாள். அந்த நான்காம் நாள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "டே, நா கழட்டுனதாலயா?" சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அலை வந்த அன்றைக்கு மதனைக் கையில் பிடித்திருந்தது அப்பா. அந்தக் கை நழுவியதை அம்மா ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டாவது தடவையும் இவர் கையிலிருந்தா? "இல்லப்பா, நாந்தான் தப்பா அழுத்திட்டேன்" என்றேன். பாதி உண்மை. அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. அதைக் காட்ட முடியாத கோபம் அதை விடப் பெரிசு.

பஷீர் அண்ணன் அந்த டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் ஏதேதோ மென்பொருளில் தோண்டினார். பெயரில்லாத கோப்புகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஒன்று திறந்தது. பந்தல், சமையல் அண்டா, கேசரியோடு ஓடி வருகிற மதன். கேமராவைப் பார்க்கிறான், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறான், வாயைத் திறக்கிறான். அங்கே நின்றது. பத்தொன்பது நொடி. "இவ்வளவுதாண்டா உசுரு இருக்கு" என்றார் அவர். அதை ஐகானில் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். பார்த்ததும் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், அவ்வளவு சந்தோஷம். "நா சொன்னன்ல! ஒளிச்சுதான் வச்சிருந்தான், படுபாவி!" என்றாள். படம் நின்றதும், "மீதி?" என்றாள். அப்பா கதவோரம் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். "அப்பறம் தர்றேன்" என்றேன். என் வாழ்க்கையிலேயே மட்டமான குறும்பு அதுதான். அதை எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அம்மா மறுபடி கேட்டதும் நான் எழுந்துபோய் சர்வரைத் திறந்தேன். அந்தச் சின்ன அட்டையை பஷீர் அண்ணன் எப்போதோ வரவழைத்துக் கொடுத்துவிட்டார், நான்தான் கோபத்தில் தூக்கிப் போட்டிருந்தேன். மெமரி கார்டைச் சொருகி உள்ளே மாட்டினேன். பெட்டி சத்தமில்லாமல் எழுந்தது. பத்தொன்பது நொடியை எண்பது ஜிபியில் ஒன்று, புதுச் சிடியில் ஒன்று, பஷீர் அண்ணன் கடையில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்துவிட்டேன். நீயும் அப்படியே செய். பூட் டிரைவைப் பெட்டிக்குள் வை, பூட்டி வை, வெளியே நீட்டிக்கொண்டு நிற்க விடாதே. அதை மாற்றுகிற நேரத்தில் மற்ற டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு மாற்று, அப்போது நீ எவ்வளவு முட்டாளாக இருந்தாலும் அழிக்க வேறொன்று கையில் கிடைக்காது. கோபமாக இருந்தால் எண்டரைத் தொடாதே, எழுந்துபோய் ஒரு டீ குடி. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. சொன்னபோது நான் காமெடி பண்ணிக்கொண்டிருந்தேன்.

மூடியை வைக்கப் போகும்போது அப்பா வந்து மறுபக்கம் பிடித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "எந்த வயரு எதுக்குன்னு எழுதி ஒட்டிட்டுப் போடா. அடுத்த பூசைக்கு நீ இருக்க மாட்ட" என்றார். என் கோபம் மொத்தமும் ஒரே நிமிடத்தில் திரும்பி வந்தது. "அடுத்த பூசைக்கும் கழட்டப் போறீங்களாப்பா?" என்று கத்தியே விட்டேன். அவர் கத்தவில்லை. "அன்னிக்கு எழுதி ஒட்டியிருந்தா மாத்தி மாட்டியிருக்க மாட்டேன்ல" என்றார் மெதுவாக. தெரிந்திருக்கிறது. எட்டு மாதமாகத் தெரிந்தே இருந்திருக்கிறது. பஷீர் அண்ணனிடம் போய்க் கேட்டிருப்பார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் மீதிய எடுக்குறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "அது இனிமே கெடைக்காதுடி. பையன் ஒளிக்கல. பூசையன்னிக்கு நாந்தான் வயர மாத்தி மாட்டிட்டேன். அதுல அழிஞ்சுபோச்சு."

"இல்லம்மா, நாந்தான் பாக்காம அழுத்துனேன்."

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சிரித்தாள். "சரியாப் போச்சு. இவ்வளவு நாளா ஒரு கழுதயக் கட்டி மேச்சேன், இப்ப ரெண்டா? அப்பனும் மவனும் சேந்து நல்லாத்தான் ஆடுறீங்க." சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் நம்பவில்லையா, நம்புவதில்லை என்று அந்தப் பார்வையிலேயே முடிவு செய்துவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் திருச்சிக்கு பஸ் ஏறப் போகிறேன். ஒரு நாள் அவள் உன்னைக் கூப்பிட்டு, உங்கப்பன் மீதியை எங்கே வைத்திருக்கிறான் தெரியுமா என்று கேட்பாள். உண்மையைச் சொல். சிரித்தால் கூடவே சிரி. இந்தக் கடிதத்துக்கு வேறு வேலை கிடையாது.

அப்பா மூடியைப் பிடிக்க, நான் திருகாணிகளை இறுக்கினேன். கூடத்தில் மௌஸ் இரண்டு தட்டு தட்டியது கேட்டது. பந்தல் சத்தம், அண்டா சத்தம், ஓடி வருகிற காலடி. பத்தொன்பதாவது நொடியில் நின்றது. நின்ற இடத்திலிருந்து அம்மாவின் குரல் எடுத்துக்கொண்டது, முதலில் சின்னக் குரலில், அப்புறம் மாமாவின் குரலில், திரும்பவும் சின்னக் குரலில், ஒரு எழுத்து பிசகாமல்:

"மாமா, என்னைய எடுக்காத, ஃபிலிமு தீந்துடும்."

"இதுல ஃபிலிமே கெடயாதுடா."

"அப்பன்னா இன்னுங் கொஞ்சம் எடு."

கோபம் குறையாமல்,
உனக்கு அப்பாவாகப் போகிறவன்